காருக்கு அடியில் கட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே காரைத் தூக்கி வேலை பார்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் கட்டையைப் பற்றியதாகவே இருக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஜாக்கிதான் இருக்கே, அப்புறம் கட்டை எதுக்கு?

தரையில் நிற்கும் சக்கரம் உருளாமல் இருக்க ஆப்பு வேண்டும். ஜாக்கியோ ஸ்டாண்டோ (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) மண்ணில் புதையாமல் இருக்க அடியில் ஒரு பலகை வேண்டும். வண்டியைக் கொஞ்சம் மட்டும் உயர்த்தினால் போதும் என்றால், சக்கரத்துக்கு அடியிலேயே பலகை கொடுக்கலாம். இந்த மூன்றிலும் கட்டையை நம்பலாம்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது: ஜாக்கியின் தலைக்கும் வண்டிக்கும் நடுவே கட்டை வைப்பது. ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அதைக் கீழே தனியாகப் பேசியிருக்கிறேன்.

ஜாக்கி போட்டுட்டு அஞ்சே நிமிஷம் கீழே போயிட்டு வந்தா என்ன ஆகிடும்?

ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் அழுத்தத்தில் நிற்கிறது. உள்ளே சீல் தேய்ந்திருந்தாலோ, வால்வில் ஒரு பிசிறு மாட்டியிருந்தாலோ அது இறங்கும். மெதுவாகவும் இறங்கலாம், சட்டென்றும் இறங்கலாம். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கியில் எண்ணெய் இல்லை, திருகுதான். ஆனால் அது நிற்கும் அடி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால் சாய்ந்துவிடும். கீழே படுத்துக்கொண்டு இறுகிப்போன ஒரு போல்ட்டை இழுக்கிறீர்கள் என்றால், அந்தத் தள்ளைக் கொடுப்பதே நீங்கள்தான்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கிய பிறகு வண்டியை ஸ்டாண்டின் மேல் இறக்கி உட்கார வைத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். ஐந்து நிமிஷம், அரை நிமிஷம் என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது.

ஸ்டாண்ட் இல்லை. நாலு கட்டையை அடுக்கி அது மேல வண்டியை உட்கார வைக்கலாமா?

ஒன்றன் மேல் ஒன்றாகத் தூண் மாதிரி அடுக்குவது என்றால், கூடாது. அது ஜாக்கியை விட மோசம். வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தாலும் தூண் முழுதும் சாயும்.

கவிழ்ந்த வாகனங்களுக்கு மீட்புப் படையினர் கட்டையால் முட்டுக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு அடுக்கு. சுமார் 10 சென்டிமீட்டர் சதுரமும் 45, 50 சென்டிமீட்டர் நீளமும் உள்ள சட்டங்களில் இரண்டை இணையாகப் படுக்க வைத்து, அதன் மேல் குறுக்காக இரண்டு, மறுபடி நெடுக்காக இரண்டு என்று கட்டுவார்கள். ஒவ்வொரு சட்டமும் சந்திப்பைத் தாண்டி ஒரு கட்டையின் அகலமாவது வெளியே நீண்டிருக்கும். நுனியிலேயே பாரம் விழுந்தால் மரம் பிளந்துவிடும் என்பதால் அப்படி. உயரம் அடியின் அகலத்தைத் தாண்டாமல் இருந்தால் அடுக்கு அசையாது. அவர்கள் சில சமயம் அதற்கு மேலும் போவார்கள். அது பயிற்சி உள்ளவர்கள் வேலை, வீட்டில் வேண்டாம்.

இப்படி முறையாகக் கட்டினால் நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு காரின் முன்பக்கத்துக்கு மட்டும் இரண்டு அடுக்கு, அதாவது குறைந்தது பன்னிரண்டு நல்ல சட்டங்கள் வேண்டும். அவ்வளவு மரம் தேடுவதற்கு ஒரு ஜோடி ஸ்டாண்ட் வாங்குவது சுலபம் என்பது என் கருத்து.

மரத்தை விட செங்கல், சிமென்ட் பிளாக் கெட்டி ஆச்சே?

கெட்டிதான், அதுதான் ஆபத்து. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரில் பாரம் சமமாகப் பரவி இறங்கும்போது தாங்கும். இரும்பு விளிம்பு ஒரே இடத்தில் அழுத்தினால் எந்த அறிகுறியும் காட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். படுத்த மரம் முதலில் நசுங்கும், முனகும், விரிசல் விடும். எழுந்து ஓட உங்களுக்குச் சில நொடிகள் கிடைக்கும். சக்கரத்துக்கு ஆப்பாகச் செங்கல் வைப்பவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம், டயர் ஏறினால் நொறுங்கும்.

எந்த மரம் நல்லது? ப்ளைவுட் போட்டா தாங்குமா?

வைரம் பாய்ந்த பழைய மரம் கிடைத்தால் அதற்கு மேல் வேண்டியதில்லை. தேக்கு, ஓக் போன்ற கெட்டி மரங்கள் சீக்கிரம் நசுங்காது. பைன் மாதிரி மெத்தென்ற மரமும் அகலமான பலகையாக இருந்தால் போதும். பச்சை மரம் கூடாது, காயும்போது தானாகவே வெடிக்கும். உருண்டைக் கட்டை எதற்கும் ஆகாது, அதை எப்படி வைத்தாலும் உருளப் பார்க்கும்.

அடியில் போட ப்ளைவுட் மிகவும் நல்லது. அதன் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டவை என்பதால் ஒரே கோட்டில் பிளக்காது. 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். மரத்தூளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் இரண்டையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். ஈரம் பட்டால் ஊறிப்போன ரொட்டி போல ஆகிவிடும்.

கட்டையைப் படுக்க வைக்கணுமா, நிற்க வைக்கணுமா?

இதற்கு நேர் பதில் சொன்னால் பலர் நம்புவதில்லை. காரணம், நின்ற கட்டை உண்மையிலேயே அதிக பாரம் தாங்கும். மரத்தின் ரேகை போகும் திசையில் அழுத்தினால் பைன் மரம்கூடச் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் தாங்கும். அதையே படுக்க வைத்து, ரேகைக்குக் குறுக்கே அழுத்தினால் 30 முதல் 60 கிலோவுக்குள் நசுங்கத் தொடங்கிவிடும். கணக்கு மட்டும் பார்த்தால் நிற்க வைப்பதுதான் சரி என்று தோன்றும்.

ஆனால் எவ்வளவு தாங்கும் என்பதோடு, தாங்காமல் போகும்போது எப்படிப் போகும் என்றும் பார்க்க வேண்டும். நின்ற கட்டைக்கு முடிவு இரண்டு விதம்தான்: ஒன்று சாயும், இல்லையென்றால் விறகு பிளப்பது போல் ரேகையோடு இரண்டாகப் போகும். இரண்டுமே கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பவை. விறகு வெட்டியவர்களுக்குத் தெரியும், கட்டையைக் கோடாலிக்கு நிற்கத்தான் வைப்போம். படுத்த கட்டை மெதுவாக அமுங்கும், சாய்வதற்கும் அதற்கு வழி இல்லை.

பாரமும் நாம் பயப்படும் அளவு இல்லை. ஒரு மூலையில் 400 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் சதுரத்தில் அது பரவினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோதான். ஆகவே படுக்க வையுங்கள், எப்போதும்.

ஜாக்கி தலையில கட்டை வெச்சு தூக்கலாமா? எனக்கு உயரம் பத்தலை.

உயரம் போதாததற்குக் கட்டை வைக்கவே கூடாது. வேறு ஜாக்கி பாருங்கள், அல்லது ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை கொடுத்து உயர்த்துங்கள். வண்டியின் தகடு நசுங்காமல் இருக்க என்றால், 2 முதல் 4 சென்டிமீட்டர் தடிப்பில், ஜாக்கியின் கிண்ணத்தில் ஆடாமல் உட்காரும் ஒரே துண்டு வைக்கலாம். இரண்டு துண்டு சேர்த்து வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நிலைச் சட்டத்தில் மிஞ்சிய ஒரு துண்டு, சாண் உயரம் இருக்கும். அதை ஜாக்கித் தலையில் நிற்க வைத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரத்தைக் கழற்றி, ஏதோ ஒரு பழக்கத்தில் அதை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஸ்பேனரை எடுக்கத் திரும்பியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கட்டை இரண்டாகப் பிளந்து ஒரு பாதி சுவரில் போய் விழுந்தது. வண்டி அந்தக் கழற்றிய சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பாதித் துண்டை எடுத்துவைத்திருக்கிறேன். பிளந்த முகம் இழைப்புளி போட்டது மாதிரி வழவழவென்று இருக்கும். மேல் முனையில் கோடாலி வெட்டு போல ஒரு ஆழமான வடு.

அந்த வடுவுக்குக் காரணம் வண்டியின் ஓரத்தில் கீழ்நோக்கி நீளும் தகட்டு மடிப்பு. இரண்டு மூன்று தகடுகளை வெல்டிங்கில் சேர்த்த விளிம்பு அது, நாலைந்து மில்லிமீட்டர்தான் தடிப்பு. 400 கிலோவும் அந்த மெல்லிய கோட்டில் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். மடிப்பு ஆப்பு மாதிரி மரத்துக்குள் இறங்கிப் பிளந்துவிடுகிறது. கட்டையில் ஒரு பள்ளம் வெட்டி மடிப்பை அதற்குள் விட்டால், பாரம் இருபுறமும் உள்ள தட்டையான பகுதியில் பரவும். பள்ளம் மடிப்பை விட ஆழமாக இருக்க வேண்டும், ரேகைக்குக் குறுக்காக ஓட வேண்டும். ரேகையோடு ஓடினால் பிளப்பதற்கு நாமே கோடு கிழித்துக் கொடுத்தது போல் ஆகும். பள்ளம் உள்ள கெட்டி ரப்பர் துண்டு கிடைத்தால் மரமே தேவையில்லை. நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஸ்டாண்ட் மேலயும் அதே மாதிரி கட்டை வைக்கலாமா?

வேண்டாம். ஸ்டாண்டின் தலை சிறியது, கொம்பு போல இருபுறமும் உயர்ந்திருக்கும். கட்டை அதன் முனைகளில்தான் உட்காரும், சரியாகப் பொருந்தாது. கீறல் விழக் கூடாது என்றால் மெல்லிய ரப்பர் போதும்.

மண் தரையிலதான் வண்டி நிக்குது. என்ன பண்றது?

முடிந்தால் வண்டியை நகர்த்துங்கள். முடியாதென்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் ப்ளைவுட் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 30 சென்டிமீட்டர் சதுரம். ஸ்டாண்டின் நான்கு கால்களும் ஒரே பலகையில் நிற்க வேண்டும். காலுக்கு ஒரு துண்டு என்று வைத்தால் ஒன்று மட்டும் புதைந்து ஸ்டாண்ட் சாயும். தார்த் தளமும் வெயிலில் இளகும், அங்கேயும் இதே பலகைதான். வழியில் பஞ்சராகும் நாளுக்காக ஸ்டெப்னியோடு ஒரு பலகையைப் போட்டு வையுங்கள், இடத்தையும் அடைக்காது.

சரிவில் எந்தப் பலகையும் உதவாது. சரிவைச் சமப்படுத்தக் கட்டை சொருகுகிறேன் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம்.

பலகை போட்டுத்தான் டிராலி ஜாக்கி வெச்சேன். தூக்கத் தூக்க வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு. ஏன்?

டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வில் போல வளைந்து போகும். தலை மேலே போகப் போக முன்னோ பின்னோ நகரும். அதை ஈடுகட்ட ஜாக்கி தன் உருளைகளில் சற்று ஓட வேண்டும். உருளை மண்ணில் புதைந்தாலோ, பலகையின் விளிம்பில் முட்டினாலோ ஜாக்கியால் ஓட முடியாது. பதிலுக்கு வண்டியை இழுக்கும், இல்லையென்றால் தலை இடம் மாறும். ஆகவே டிராலி ஜாக்கிக்கு 30 சென்டிமீட்டர் சதுரம் போதாது. அதன் நீளத்தை விடப் பெரிய ஒரே பலகை, உருளைக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் ஓட இடம் விட்டு, வேண்டும்.

ஹேண்ட் பிரேக் போட்டு கியர்லயும் விட்டாச்சு. இன்னும் ஆப்பு எதுக்கு?

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். பின்பக்கம் இரண்டையும் தூக்கிவிட்டால் அது அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கியரை நம்பலாமா என்றால், அதிலும் ஒரு சிக்கல். இன்ஜின் சுழற்றும் இரு சக்கரங்களையும் இணைப்பது டிஃபரன்ஷியல். அதில் ஒன்றை மட்டும் தூக்கினால், கியர் பூட்டியிருந்தாலும் அந்தரத்தில் இருப்பது எதிர்த் திசையில் சுற்ற, தரையில் இருப்பது தாராளமாக உருளும். ஆட்டோமேட்டிக் வண்டியைப் பார்க்கிங்கில் விட்டிருந்தாலும் இதேதான்.

தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கினால் அதற்கு எதிர் மூலை முக்கியம். 10 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தை மூலைவிட்டமாக அறுத்தால் இரண்டு ஆப்பு கிடைக்கும். சாய்வு டயரைத் தொட வேண்டும், தட்டை முகம் தரையில். வைத்துவிட்டு உதைத்து இறுக்குங்கள். சும்மா ஒட்டி வைத்தால் போதாது.

ஆயில் மாத்த மட்டும் கொஞ்சம் உயரம் வேணும். ஸ்டாண்ட் இல்லாம முடியுமா?

முடியும், கட்டைக்கு மிகப் பொருத்தமான வேலை இதுதான். வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கிறது, பாரம் டயரின் அகலம் முழுக்கப் பரவுகிறது. 4 சென்டிமீட்டர் தடிப்பும் டயரை விட அகலமும் உள்ள பலகைகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்குங்கள். ஒவ்வொரு மேல் படியும் கீழ்ப் படியை விட 20, 25 சென்டிமீட்டர் குட்டையாக இருக்கட்டும். மேல் படியில் டயர் முழுதாக உட்கார இடம் வேண்டும், அதன் கோடியில் டயர் தாண்டிப் போகாமல் இருக்க ஒரு தடைக்கட்டை. எல்லாவற்றையும் பசை போட்டு ஸ்க்ரூவால் சேர்த்துவிடுங்கள், ஆணி நாளடைவில் இளகும். மூன்று படி என்றால் 12 சென்டிமீட்டர் கிடைக்கும், பல கார்களுக்கு அது போதும்.

ஏறும்போது முன் சக்கரம் பலகையை நகர்த்தப் பார்க்கும். அடியில் பழைய ரப்பர் ஷீட் ஒட்டினால் நகராது. ஏறி நின்றதும் பின் சக்கரங்களுக்கு ஆப்பு.

ஆயில் பான் அடியில பெரிய பலகை வெச்சா பாரம் பரவிடும்னு சொல்றாங்களே?

பரவும்தான், ஆனால் தாங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆயில் பான் மெல்லிய தகடு, அல்லது அலுமினிய வார்ப்பு. ஒன்று உள்ளே குழியும், இன்னொன்று விரிசல் விடும். கியர் பெட்டி, சைலன்சர் குழாய், தரைத் தகடு எல்லாவற்றுக்கும் இதே பதில். மின்சாரக் கார் என்றால் பெரும்பாலும் தரை முழுக்கப் பேட்டரிதான். அதில் ஒரு நசுங்கல் தீவிபத்தாகவே முடியலாம். வண்டிப் புத்தகத்தில் எங்கே தூக்கலாம் என்று படம் இருக்கும், அந்த இடங்களில் மட்டும்.

கட்டை ஈரத்துல கெடாம பெயின்ட் அடிச்சு வைக்கலாமா?

அடிக்காதீர்கள். பெயின்ட் வெடிப்பை மறைக்கும், ஈரத்தில் வழுக்கவும் செய்யும். கிரீஸ் படிந்ததும் அப்படித்தான், அதை ஆப்பாகக்கூட வைக்க வேண்டாம்.

எடுக்கும்போதெல்லாம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இரு முனையிலும் வெடிப்பு, பெரிய கணு, செல்லரித்த தடம், ஆணி. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பொதபொதவென்று இறங்கும் மரம் உளுத்தது. தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியா வெச்சாச்சு. கீழே போறதுக்கு முன்னாடி வேற என்ன பாக்கணும்?

ஆட்டிப் பாருங்கள். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு, வெளியே நின்றபடியே வண்டியின் ஓரத்தைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். விழுவதென்றால் அப்போதே விழட்டும். ஜாக்கியை எடுத்துவிடாமல், லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்படி விட்டுவையுங்கள். கழற்றிய சக்கரத்தை ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள். நடுவே அதிக இடைவெளி இருந்தால் அதன் மேல் பலகை போட்டு நிரப்பலாம். எனக்கு அன்று கைகொடுத்தது கழற்றிய சக்கரம்தான். இறுகிய நட்டுகளை மட்டும் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கிவிடுங்கள், தூக்கிய பிறகு ஆளைப் போட்டு இழுக்க வேண்டாம்.

வண்டியை ஆறு மாசம் எடுக்கப் போறதில்லை. கட்டை மேல நிறுத்திட்டுப் போகலாமா?

சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து நிறுத்தினால் பிரச்சினை இல்லை. வண்டியின் உடலைக் கட்டையில் உட்கார வைத்தால், மாதக் கணக்கில் பாரம் அழுத்த அழுத்த மரம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். மழைக்கு ஊறி வெயிலுக்குச் சுருங்கும். நாலு மூலையும் ஒரே அளவில் இறங்கும் என்று சொல்ல முடியாது. செல் ஏறினால் வெளியே தோல் மட்டும் முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அதற்கும் அடியில் பலகை உண்டென்றால், திரும்பி வந்ததும் முதலில் அந்தப் பலகையைக் குத்திப் பாருங்கள், வண்டிக்குக் கீழே குனிவது அப்புறம்.

வண்டி லேசா சாயுற மாதிரி தெரிஞ்சா, கட்டையைச் சொருகி நிறுத்திடலாமா?

கையை நீட்டாதீர்கள். ஒரு டன்னுக்கு மேல் இருக்கும் வண்டி சாயத் தொடங்கினால் யாராலும் பிடிக்க முடியாது. விலகி நில்லுங்கள், பக்கத்தில் இருப்பவர்களையும் விலக்குங்கள். அது நின்றுவிட்டால், தூரத்திலிருந்தே எது நகர்ந்தது என்று பாருங்கள். ஜாக்கியின் கைப்பிடியை வெளியே நின்றபடி எட்ட முடிந்தால் மட்டும் மெதுவாகத் தூக்கி, ஸ்டாண்டைச் சரிசெய்யலாம். எட்டாதென்றால் விட்டுவிட்டு இன்னொரு ஜாக்கியோடு வேறு பக்கத்திலிருந்து வாருங்கள். ஒரு ஃபெண்டர் போனால் போகட்டும்.